பொன்னும் ஊரும் – 9: கடலில்லாத் துறை

பங்காருப்பேட்டை ஜங்ஷனில் சென்னை–பெங்களூர் பாதையை விட்டுப் பிரியும் கிளைப்பாதை பதினாறு கிலோமீட்டர் ஓடி, ஊரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களைத் தொட்டுக்கொண்டே தெற்கே வந்து, மாரிகுப்பத்தில் முடிகிறது. கோலார் தங்கவயலின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் சுரங்க வாயில் நின்றுதான் தொடங்குவார்கள். இந்தத் தொடரிலும் இதுவரை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வாரம் ஸ்டேஷனில் நின்று பார்ப்போம். தங்கவயலுக்குத் துறைமுகம் இதுதான். கடல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் ஒரு துறைமுகத்தில் என்னவெல்லாம் நடக்குமோ அத்தனையும் இந்தப் பாதையில் நடந்திருக்கின்றன. இரும்பும் கரியும் மருந்தும் வந்து இறங்கின. பொன் ஏறிப் போயிற்று. ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள்.

என் வீடு ஆண்டர்சன்பேட்டையில். ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தை ஒருநாள் சரித்திரமாகப் பார்க்கத் தொடங்கினால் அதன் பிறகு நடையே மாறிவிடுகிறது. எந்தச் சுவர் எப்போது எழுந்தது, எந்தப் பாதை எதற்காகப் போட்டது என்று ஒவ்வொன்றும் நம்மை நிறுத்திக் கேட்கிறது.

மாரிகுப்பம் என்ற பெயர் ரயிலுக்கும் சுரங்கக் கம்பெனிக்கும் முந்தையது. திப்பு வீழ்ந்த மூன்றாம் ஆண்டு, 1802-ல், மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்தப் பக்கத்து மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியது. காட்டுகிறவருக்குச் சன்மானம் என்று அறிவித்தார். ஊரிகத்துக்காரர்கள் ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டினார்கள். அடியில் பொன்துகள் தங்கியது. சுமார் 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின், அதாவது 65 மில்லிகிராம் தேறும் என்று அவர் கணக்குப் போட்டார். பிறகு மாரிகுப்பம் வட்டாரத்தில் கிராமத்தார் தோண்டிவைத்திருந்த பழைய குழிகளைப் போய்ப் பார்த்தார். முப்பது அடி, நாற்பத்தைந்து அடி ஆழத்துக்கு ஆட்கள் இறங்கிக் கல்லை உடைத்தார்கள். கூடை கைமாறிக் கைமாறி மேலே வந்தது. மேலே பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கிக் கழுவினார்கள். குழியில் இறங்கியவர்கள் பறையர் குலத்தினர் என்று அவர் குறிப்பு சொல்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து மூவாயிரம் அடிக்கும் கீழே இறங்கியவர்களில் பெரும்பகுதியும் அதே சமூகத்தினர்தான்.

வாரனைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இதே மனிதர்தான் பிற்பாடு மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் பணியாற்றி, 1825-ல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளை வைத்துக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். எழுத்தில் ஏறாத அறிவை மதித்துக் குறித்துவைக்கிற கண் அவருக்கு இருந்தது. மாரிகுப்பத்துக் குழிகளைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சித்திரமும் அந்தக் கண்ணால்தான் கிடைத்தது.

அவருக்குப் பிந்தைய எழுபது ஆண்டுகளையும், 1875-ல் பொன் தோண்ட உரிமம் பெற்ற லவேலின் கதையையும் முன்பே பார்த்துவிட்டோம். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. மூன்று ஆண்டுகளில் பங்குதாரர்களின் பணம் கரைந்தது. அருகிலிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. கடைசி முயற்சியாக 1883-ல் மைசூர் கம்பெனிக்கு அனுப்பப்பட்ட கேப்டன் பிளம்மர், பழங்காலத்தார் தோண்டி விட்டுப்போன குழிகளையே இன்னும் கீழே இறக்கினார். சாம்பியன் லோடு என்ற பொன் அடுக்கு அங்கே அகப்பட்டது. அந்த மைசூர் மைன் இருக்கிற இடம்தான் மாரிகுப்பம். ஆகவே கம்பெனியின் அதிர்ஷ்டம் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதியதற்குப் பின்னால், பெயர் தெரியாத பழைய சுரங்கக்காரர்களின் கைத்தடம் இருக்கிறது. அவர்கள் நிறுத்திய இடத்தில் இவர்கள் தொடங்கினார்கள்.

பொன் கிடைத்துவிட்டது, கொண்டுபோக வழி வேண்டும். பெங்களூர்க் கண்டோன்மென்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே 1864-லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் பாதையில் தங்கவயலுக்கு அருகில் இருந்த நிறுத்தம் அன்றைய பௌரிங்பேட்டை, இன்றைய பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாட்டுவண்டிதான். கொதிகலன்களும் கல் இடிக்கும் ஸ்டாம்ப் உலக்கைகளும் மாடுகள் இழுக்க இழுக்க மெல்ல ஊர்ந்து வந்தன. கிளைப்பாதை 1894-ல் திறந்தது. மைசூர் சமஸ்தானத்தின் பணத்தில் போட்ட பாதை. வண்டியை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. கிடைக்கிற பொன்னின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து ராயல்டியாகச் சமஸ்தானத்துக்கு வந்துகொண்டிருந்ததால் பாதை போட்ட செலவு அரசுக்குப் பாரமாகத் தெரிந்திருக்காது.

பாதை வந்தபின் நடந்ததை இரண்டு எண்கள் சொல்லிவிடும். 1891 கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 7,085. 1901-ல் 38,204.

இந்த முப்பத்தோராயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்கள். அதாவது குடியாத்தம், திருப்பத்தூர், வேலூர், தருமபுரிப் பக்கத்துக் கிராமங்கள். மழை பொய்த்தால் பண்ணையில் கூலி இல்லை. கூலி இருந்தாலும் அது கடனில் கழிந்துவிடும். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் எல்லார் நினைவிலும் ஆறாமல் இருந்த காலம். சுரங்கக் காண்டிராக்டரின் ஆள் கிராமத்துக்கு வந்து முன்பணம் கொடுப்பான். ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் பௌரிங்பேட்டை. அங்கே வண்டி மாறினால் தங்கவயல்.

இதே கிராமங்களிலிருந்து, இதே காலத்தில், இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு 1860-லேயே ‘ட்ரூரோ’ கப்பல் புறப்பட்டுவிட்டது. 1903-லிருந்து பிஜித் தீவுக்கும் மெட்ராஸிலிருந்து ஆட்கள் போனார்கள். இருவரும் விட்டுப் போனது ஒரே கிராமத்தை, ஒரே பண்ணையாரை. ஒருவர் வீட்டில் அண்ணன் கப்பலும் தம்பி ரயிலும் ஏறியிருக்கலாம். ஆனால் சரித்திரத்தின் முன் இரண்டு பேரின் நிலையும் ஒன்றல்ல. கப்பலேறிய ஒவ்வொருவரின் பெயரையும், தகப்பன் பெயரையும், வயதையும், சாதியையும், ஊரையும், உடம்பில் இருந்த தழும்பையும் மச்சத்தையும்கூட எமிகிரேஷன் குமாஸ்தா எழுதிவைத்தார். ஆளை அடையாளம் காட்டிக் கட்டிப்போடத்தான் அந்தப் பட்டியல். என்றாலும் இன்று டர்பனில் இருக்கிற ஒரு கொள்ளுப்பேத்தி அதைப் புரட்டித் தன் பாட்டனார் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்கிறாள். அந்த ஊரைத் தேடி இங்கே வந்தும் நிற்கிறாள்.

மாரிகுப்பத்தில் இறங்கியவருக்கு அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார், இறங்கினார், காண்டிராக்டரின் கும்பலில் ஒரு தலையாக எண்ணப்பட்டார். கடல் தாண்டாதவரைக் குடிபெயர்ந்தவர் என்று யாரும் எண்ணவில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கைகளில் எத்தனை அவுன்ஸ் பொன் என்பது பின்னம் பிசகாமல் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ எண்ணூறு டன். எடுத்தவர்களின் ஊரும் பேரும் குடும்பங்களின் வாய்மொழியில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. என் தலைமுறையில் அதுவும் அறுந்துகொண்டிருக்கிறது. ‘எங்க தாத்தாவுக்கு ஆற்காட்டுப் பக்கம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த ஊர் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்தத் தொடரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்த மௌனத்தைப் பார்த்துத்தான்.

இறங்கியவர்களுக்குக் கம்பெனி கொடுத்த இடம் லைன். முதலில் தட்டி வீடுகள்: மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டிதான் சுவர், அறை ஒன்றே. வரிசை வரிசையாக அடுத்தடுத்து. தெருக்குழாய் பொது, கக்கூஸ் பொது. பின்னால் செங்கல், ஓடு, ஷீட் என்று மாறினாலும் லைன் என்ற அமைப்பு மாறவில்லை. இன்றைக்கும் மாரிகுப்பத்தில் நடந்தால் அந்த வரிசைகளைப் பார்க்கலாம். சுரங்கம் மூடியது, லைன்களில் ஆட்கள் இருக்கிறார்கள். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுவதைப் பார்த்த கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஏர்பிளாஸ்ட்’ என்று ஒரு சொல்லை அவர்களிடம் எடுத்துப் பாருங்கள். ஆழத்துப் பாறை தன் பாரத்தாலேயே வெடித்துச் சிதறுவதற்கு இங்கே வழங்கிய பெயர் அது. கீழே வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். எந்த ஷாப்டில் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள்.

இப்போது சரக்குக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாமே நீராவி. கொதிகலனுக்கு விறகு வெட்டி வெட்டிச் சுற்றுவட்டாரக் குன்றுகள் மொட்டையாயின. ரயில் வந்தபின் நிலக்கரி. 1902 ஜூனில் அந்தப் பாடு தீர்ந்தது. காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கே வந்து சேர்ந்தது. அன்றைய உலகத்தின் மிக நீளமான மின்கம்பித் தடங்களில் அதுவும் ஒன்று. திவான் சேஷாத்திரி ஐயர் முன்னின்று தொடங்கிய வேலை. முடிவைப் பார்க்க அவர் இல்லை, 1901-லேயே காலமாகிவிட்டார். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். தங்கவயல் முந்திக்கொண்டது. ஆனால் முந்தி வந்த வெளிச்சம் சுரங்கத்துக்கும் மில்லுக்கும் வெள்ளைக்காரர் பங்களாவுக்கும்தான். தட்டி வீட்டுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

ரயிலில் வந்த இன்னொரு சரக்கு இந்த ஊரின் உருவத்தையே மாற்றியது: சைனைடு. 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்த முறை. அதுவரை கல்லை இடித்துப் பாதரசத்தில் பிடித்தார்கள். பிடிபடாத பொன் கழிவு மண்ணோடு போய்விடும். சைனைடு கரைசல் அந்தக் கழிவிலிருந்தும் பொன்னைக் கரைத்து எடுத்தது. எடுத்தபின் மிஞ்சிய சாம்பல்நிறப் பொடியைக் கொட்டிக்கொண்டே போனார்கள். அதுதான் நாங்கள் சைனைடு மலை என்று சொல்லும் குவியல்கள். மொத்தம் சுமார் 3.3 கோடி டன். மழை அதை வாரி வாரி ஓடைகளாகக் கீறியிருக்கிறது. கோடைக்காற்று வந்தால் கிணறு, சோறு, துணி எல்லாவற்றிலும் அந்தப் பொடி. கீழே கல் துளைத்தபோது நுரையீரலில் ஏறிய தூசியால் சிலிகோசிஸ் வந்து செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மேலே இந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். இந்த மலைமேல் சினிமா எடுக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வெளியூர்ப் பிள்ளைகள் அதன் உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இது எதனால் ஆன மலை என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வந்த சரக்கு இவ்வளவு. போன சரக்கு ஒன்றே ஒன்று. பொன் பாளங்கள் பெட்டியில் பூட்டி முத்திரையிட்டுக் காவலோடு ரயிலேறி, பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயின.

ஆனால் துறைமுகத்தில் யாரும் எதிர்பாராத சரக்கும் வந்து இறங்கும். மாரிகுப்பத்தில் இறங்கியது புத்தகம்.

சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. அவர் 1898-ல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அதன் முன்னணியில் நின்றவர் எம். ஒய். முருகேசர். பண்டிதரே தங்கவயலுக்கு வந்து பேசியிருக்கிறார். பத்திரிகை இங்கே வரும். மாரிகுப்பத்திலிருந்து கூட்ட அறிவிப்புகளும் சங்கச் செய்திகளும் கேள்விகளும் அங்கே போகும். காலையில் சுரங்கத்தில் இறங்கி எட்டு மணிநேரம் பாறையைத் துளைத்தவர்கள் மாலையில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பௌத்தம் எப்படி அழிந்தது, சாதி எப்படி வந்தது, நம் முன்னோர் யார் என்ற விவாதங்கள் லைன் வீடுகளில் நடந்தன. ஊர்ப் பட்டியலில் பெயர் ஏறாதவர்கள் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எழுத உட்கார்ந்த இடம் இது. தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய செய்தி.

பண்டிதர் 1914-ல் மறைந்தார். பத்திரிகை சிலகாலம் தள்ளாடி நின்றது. 1926-ல் அது மறுபடி எழுந்தபோது எழுந்த இடம் சென்னையல்ல, கோலார் தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். முப்பதுகளின் நடுப்பகுதிவரை இங்கிருந்து வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸில் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. தமிழ்நாட்டில் பண்டிதரை ஏறக்குறைய எல்லோரும் மறந்திருந்த காலத்தில், அவர் எழுத்து அழியாமல் காத்தவை சுரங்கத் தொழிலாளியின் கூலியிலிருந்து வந்த அணாக்கள். தொண்ணூறுகளில் ஆய்வாளர்கள் அவரை மறுபடி கண்டெடுத்தார்கள் என்று எழுதுகிறோம். சரிதான், ஆனால் கண்டெடுக்க ஏதாவது மிச்சம் இருந்ததற்கு இந்த ஊரும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1956 நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-ல் மத்திய அரசிடம் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் பிறந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று.

அன்றிலிருந்து இந்தத் துறையின் சரக்கு மாறிவிட்டது. விடியும் முன்பே பிளாட்பாரம் நிரம்புகிறது. டிபன் கேரியரோடு, கழுத்தில் கம்பெனி அட்டையோடு, இளைஞர்களும் பெண்களும் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள்: செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஆஸ்பத்திரி, கால் சென்டர், கட்டட வேலை. போக இரண்டு மணிநேரத்துக்கு மேல், வர அதே அளவு. ஒரு காலத்தில் இந்த ரயில் வெளியூரார் உழைப்பை உள்ளே கொண்டுவந்தது. இன்று அதே ரயில் உள்ளூர் உழைப்பை வெளியே கொண்டுபோகிறது. கிளைப்பாதை மட்டும் இல்லாதிருந்தால் 2001-க்குப் பிறகு இந்த ஊர் காலியாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன். சுரங்கத்துக்காகப் போட்ட பாதைதான் சுரங்கம் போன பின்பும் ஊரைப் பிடித்துவைத்திருக்கிறது.

இன்னும் இரண்டு மாற்றங்கள் வாசலில் நிற்கின்றன. ஒன்று, சைனைடு மலையில் மிஞ்சியிருக்கும் பொன்னை எடுப்பது. பதின்மூன்று குவியல்களில் அதைச் செய்யும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. மலையை மறுபடி கிளறும்போது பறக்கும் தூசி யார் வீட்டில் இறங்கும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். அந்த வேலை எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்பதற்கும். மற்றொன்று, குப்பத்திலிருந்து மாரிகுப்பத்துக்கு வரும் புதிய ரயில் பாதை. அது முடிந்தால் நூற்றுமுப்பது ஆண்டுகளாகக் கடைசி நிறுத்தமாக இருந்த மாரிகுப்பம், வண்டிகள் கடந்து போகிற ஸ்டேஷனாகிவிடும். அதற்குள் இந்த லைன்களையும், சங்கம் நடந்த இடங்களையும், பழைய ஷாப்டுகளையும் ஒருவர் நடந்து பார்த்து, இருக்கிற கிழவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். எந்த ஊர், எந்த வருஷம், யாரோடு வந்தார்கள் என்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களும் கேளுங்கள். ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்தாலும் குறித்துவையுங்கள்.

வந்தவர்களுக்குப் பட்டியல் இல்லை என்றேன். கம்பெனி ஒருமுறை பட்டியல் போட முனைந்தது. 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிந்துகொள்ள உத்தரவு போட்டது. கைரேகை கொடுக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். சுரங்கங்கள் மூன்று வாரம் ஸ்தம்பித்தன. தங்கள் பெயரை யார் எழுதுவது, எதற்காக எழுதுவது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)